பீடிச் சூடு

இப்படி ஜன்னல் பக்கமா நகர்ந்துக்கங்க டீச்சர். டீச்சர்தானே? மடியில் விடைத்தாள் கட்டு இருக்கே, அதை வைத்துத்தான் சொன்னேன். நான் பனையடிப்பாறையில் இறங்கணும். இந்த வண்டி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம் ஆகும். காலையிலிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போச்சு.

என்ன விஷயமாவா? சாட்சி சொல்லிட்டு வாரேன். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ளே ஒரு பொம்பளை செத்து, அதில் சந்தேகம்னு யாராவது எழுதிக் கொடுத்தால் ஆர்.டி.ஓ. விசாரிக்கணுமாம். எங்க ஊரில் முத்துப்பேச்சின்னு ஒருத்தி செத்துப்போனாள். இருபத்தஞ்சு வயசு. கல்யாணமாகி அஞ்சு வருஷம். மூணு வயசில் ஒரு பொட்டப்புள்ளை. அவள் புருஷன் இசக்கிதுரை உள்ளே போறானா வெளியே இருக்கிறானாங்கிறது நான் சொல்கிற ஒரு வார்த்தையில்தான் நின்றது. அதைச் சொல்லிட்டு வாரேன்.

நான் ஒரு தப்பும் செய்யலை. அதை முதலிலேயே சொல்லிடுறேன்.

என் பேர் சந்தனக்குமாரி. அந்தப் பேரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. லேப் அக்கான்னு கேட்கணும். ஞானதுரை டாக்டர் கிளினிக்கை ஒட்டி ஒரு அறை. ஒரு மேசை, ரத்தத்தைச் சுற்றித் தெளியவைக்கிற மிஷின் ஒன்று, ஒரு குட்டி பிரிட்ஜ், ஆள் படுக்க ஒரு பெஞ்சு. பதினாறு வருஷமா நடத்துகிறேன். எங்களுடையது மலையடிவாரத்து ஊர். மேற்கே எலுமிச்சைத் தோட்டம், அதுக்கு அந்தப் பக்கம் புதர்க்காடு, அதுக்கு மேலே மலை. கார்த்திகை மழை விட்டதும் காய்ச்சல் வந்து இறங்கும். வீட்டுக்கு ஒருத்தர் போர்வையைப் போர்த்திக்கொண்டு என் பெஞ்சில் வந்து உட்காருவார்கள்.

காய்ச்சல்காரங்களுக்கு முதலில் என்ன வேணும், தெரியுமா டீச்சர்? மருந்தெல்லாம் அப்புறம்தான். முதலில் ஒரு பேர் வேணும். பக்கத்து வீட்டுக்காரி 'என்ன காச்சலாம்?'னு கேட்டால் சொல்ல ஒரு பேர். பேர் இல்லாமல் ஒருத்தரைத் திருப்பி அனுப்பினால் அவங்க முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே. குத்துன ஊசிக்கு ஒண்ணும் கிடைக்கலையேன்னு ஒரு பார்வை பார்ப்பாங்க. என் லேபுக்கு வந்தவங்க யாரும் அப்படித் திரும்பினதில்லை. பதினாறு வருஷத்தில் ஒருத்தர்கூட இல்லை. அதைப் பெருமையாத்தான் சொல்றேன்.

முன்னே டைபாய்டு பார்க்கிறதுன்னா கண்ணாடிச் சில்லில் மருந்தைக் கலக்கி ஆட்டி ஆட்டி, மணல் மணலாத் திரியுதான்னு பார்க்கணும். இப்போ அட்டை வந்துட்டு. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. தெளிஞ்ச ரத்தநீர் ஒரு சொட்டு, அதுமேலே மருந்துத் தண்ணி ரெண்டு சொட்டு. கால் மணி நேரம் பொறுக்கணும். ஒரு கோடு வந்தால் ஒண்ணுமில்லை. ரெண்டு கோடு வந்தால் டைபாய்டு. அவ்வளவுதான் கதை.

பெட்டிக்குள்ளே ஒரு தாள் மடிச்சு வைத்திருப்பான், பொடி எழுத்தில். இருபது நிமிஷம் தாண்டினால் பார்க்காதே, தூக்கிப் போடுன்னு. அதை எழுதினவன் எங்க ஊருக்கு வந்து பார்க்கட்டும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருப்பாங்க. அட்டையை வரிசையா அடுக்கி நம்பர் போட்டுட்டு, அடுத்த ஆளுக்கு நரம்பு தேடி, வாந்தி எடுக்கிற புள்ளைக்கு வாளி எடுத்து வைத்து, திரும்பி வரும்போது அரை மணி ஆயிடும். ஆனா ஒண்ணு. பொறுமையா விட்டால் வராத கோடும் வரும் டீச்சர். மெலிசா, நூலுக்குப் பாதியா. அதைப் பார்க்கத் தெரியணும். விளக்குக்கு நேரே சாய்ச்சுப் பிடிக்கணும். டாக்டரே சொல்லுவார், "சந்தனம், உன் கண்ணு எந்த மிஷினுக்கும் வராது"ன்னு. நான் ரெண்டு கோடுன்னு எழுதினால் அவர் மறுபேச்சு இல்லாமல் ஏழு ஊசி எழுதுவார். நாங்க அப்படித்தான் வேலை பார்த்தோம். அவர் என் கையைப் பார்ப்பார், நான் அட்டையைப் பார்ப்பேன்.

சரி, முத்துப்பேச்சிக்கு வாரேன்.

அவள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் தொடங்கி மூணு நாள். இசக்கிதுரை அவளை வண்டியில் பின்னாலே உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அவள் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போவாள். பறிச்சு முடிச்சதும் புதர்க்காட்டுப் பக்கம் போய் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வருவாள்.

"என்ன செய்யுதுளா?"ன்னேன்.

"எக்கா, மண்டையப் பொளக்கு. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கு"ன்னாள்.

அடிச்சுப் போட்ட மாதிரி. அவள் வாயிலிருந்தே வந்த வார்த்தை அது. இன்னைக்கு ஆபீஸர்கிட்டே இதையும் சொன்னேன். எழுதிக்கிட்டார்.

அவன் என்ன பண்ணினான்னா, அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு, "எக்கா, மெல்லமாக் குத்துங்க. அவளுக்கு ஊசின்னா உசுரு போயிரும்"ங்கிறான். அவள் நெற்றியைத் தடவுகிறான். அந்தக் காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு. "பேசாம இரிங்க, அக்கா என்ன நெனப்பாக"ங்கிறாள். நான் ஒண்ணும் நினைக்கலை. ஊர் பார்க்கக் கொஞ்சுகிற ஆம்பளையை நான் நம்புகிறதில்லை, அவ்வளவுதான். அந்தப் பாடம் எனக்குச் சொந்தப் பாடம்.

உட்கார்ந்தால் தலை சுற்றுதுன்னாள். பெஞ்சில் படுக்கவைத்தேன். இடது கையில் நரம்பு சிக்கலை. வலது கையை நீட்டச் சொல்லிட்டு இந்தப் பக்கம் வந்தேன். அவள் பயத்தில் இடது கையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கிட்டாள். தொளதொளன்னு ஒரு பழைய நைட்டி போட்டிருந்தாள். கை மேலே போனதும் துணி தோள்பட்டை வரை இறங்கிட்டுது. அப்போதான் பார்த்தேன்.

அக்குளுக்குக் கீழே, மார்புக்குப் போகிற ஓரத்தில். கடலைப் பருப்பு அகலம். நடுவில் கருகின பொருக்கு. சுற்றிலும் சிவப்பா ஒரு வளையம். பீடி நுனியை வைத்து அழுத்தி எடுத்தால் எப்படி இருக்கும்? அப்படியே இருந்தது.



அவன் தலைமாட்டில் நிற்கிறான். அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. நான் ஊசியைக் கீழே வைக்கலை. ரத்தம் எடுத்து முடிச்சேன். ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் துடைக்கிற சாக்கில், தெரியாமல் படுகிற மாதிரி அந்த இடத்தில் லேசா ஒற்றினேன். அவள் முகம் சுளிக்கலை டீச்சர். 'ஸ்'ஸுன்னு ஒரு சத்தம் இல்லை. பட்டதே தெரியாத மாதிரி கிடந்தாள்.  எத்தனை சூடு பட்டிருந்தால் ஒரு உடம்பு இப்படி மரத்துப்போயிருக்கும்!

நைட்டியை இழுத்து மூடிவிட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் வேறே பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஏன் கேட்கலைன்னு பார்க்கிறீங்க. ஆபீஸரும் இப்படித்தான் பார்த்தார்.

அந்த மாதிரித் தழும்பு எனக்குத் தெரியும் டீச்சர். எப்படித் தெரியும்னா, தெரியும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு. போனவரைப் பத்திப் பேசி என்ன? எனக்கு இடுப்பில் மூணு, தொடையில் ரெண்டு. வெளியே தெரியாத இடமாப் பார்த்துத்தான் வைப்பார். என் மகள் வயிற்றில் இருக்கும்போது ஊசி போட வந்த நர்ஸம்மா ஒருதரம் பார்த்துட்டாங்க. பார்த்ததும் சேலையை இழுத்து மூடிவிட்டு, வேறே என்னமோ பேச ஆரம்பிச்சாங்க. மழை பெய்யலையேன்னோ என்னமோ. ஒரு வார்த்தை கேட்கலை. அன்னைக்கு அவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்தது எனக்கு. கேட்டிருந்தால் அடுப்பில் பட்டதுன்னு பொய் சொல்லியிருக்கணும். அவங்களும் நம்பின மாதிரி நடிச்சிருக்கணும். அந்தக் கேவலத்திலிருந்து என்னைக் காப்பாத்தினாங்க. அந்த மரியாதையைத்தான் நான் முத்துப்பேச்சிக்குச் செய்தேன். எனக்குக் கிடைச்சதை அவளுக்குக் கொடுத்தேன். இதில் என்ன தப்பு?

எனக்கெல்லாம் சூடு பட்டால் மூணு நாலு நாள் துணி உரசினாலே உயிர் போகும். அவளுக்கு மட்டும் எப்படி வலிக்கலைன்னு நீங்க கேட்கலாம். அவள் என்னைவிட நெஞ்சுரம் உள்ளவள்னு நினைச்சுக்கிட்டேன்.

அன்னைக்குப் பதினோரு பேர். அவள் அட்டை ஏழாவது. நான் திரும்பி வந்து பார்க்கும்போது முப்பது, முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கும். முதல் கோடு பளிச்சுன்னு இருந்தது. ரெண்டாவது? சாய்ச்சுப் பிடிச்சேன். இருந்தது. நூலுக்குப் பாதியா, ஆனா இருந்தது. டைபாய்டுன்னு எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன். இசக்கிதுரை அந்தத் தாளை ரெண்டு கையாலும் வாங்கினான். "பேரு தெரிஞ்சிட்டுல்லா, இனி சரியாயிரும்ளா"ன்னு அவள்கிட்டே சொன்னான்.

ஊசி ஆரம்பிச்சது. ஒண்ணு, ரெண்டு, மூணு. காய்ச்சல் இறங்கலை. நாலாவது ஊசிக்கு வந்தவன் நேரே என் அறைக்கு வந்தான்.

"எக்கா, கொதிக்கத்தான் செய்யுது. கண்ணெல்லாம் செவந்துபோச்சு. வேற காச்சலா இருக்குமோ? இன்னொருவாட்டி ரத்தம் பாப்பமா?"

"அட்டை பொய் சொல்லாதுப்பா. டைபாய்டுன்னா ஏழு ஊசி முடியாமல் இறங்காது. நீ அவளை நிம்மதியாப் படுக்கவிடு, அது போதும்"னேன்.

அந்தக் கடைசி வார்த்தையை வேணும்னேதான் சொன்னேன். அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். ஒரு குற்றவாளி என்ன செய்வான்? தலையைக் குனிவான். அவனும் குனிஞ்சான். "சரிக்கா"ன்னு போயிட்டான்.

ஆறாவது நாள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. டாக்டர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டார். மறுநாள் காலையில் பத்து மணிக்கெல்லாம் செத்துட்டாள்னு போன் வந்துட்டுது.

துட்டி வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனேன். பொம்பளைங்க அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாங்க. அந்தக் கறுப்பை அவங்களும் பார்த்துட்டாங்க. "இது என்னது, சுட்ட மாதிரில்லா இருக்கு"ன்னு ஒருத்தி கேட்க, எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. ஆஸ்பத்திரி விஷயம் தெரிஞ்சவள் நான் ஒருத்திதானே. நான் மெதுவாத்தான் சொன்னேன், "அது உயிரோட இருக்கும்போதே இருந்துச்சு. நான் பார்த்தேன்"னு. மெதுவாத்தான் சொன்னேன் டீச்சர். அவள் அம்மா காதில் விழுந்துட்டுது.

அப்புறம் என்ன! அவள் அண்ணன் சுடலைமணி வெளியே பாய்ஞ்சான். இசக்கிதுரை பந்தல் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கொத்தாப் பிடிச்சுத் தூக்கி, "எந் தங்கச்சியச் சுட்டால கொன்ன?"ன்னு கேட்டான். அவன் பே பேன்னு முழிக்கிறான். "எதை மச்சான்? எங்க மச்சான்?"ங்கிறான். நடிப்பு. அப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை. போலீஸ் வந்து, உடம்பை எடுத்துக்கிட்டுப் போய், புள்ளையை அம்மாச்சி வீட்டுக்காரங்க தூக்கிக்கிட்டுப் போய், எல்லாம் ஒரு பொழுதுக்குள்ளே முடிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம்தான் அந்த டாக்டரம்மா வந்தாங்க. பெரியாஸ்பத்திரியில் முத்துப்பேச்சியைக் கடைசியாப் பார்த்தவங்க. சின்ன வயசு. முப்பதுகூட இருக்காது. சுகாதாரத்துறை ஆட்களோட ஜீப்பில் வந்து இறங்கினாங்க. முத்துப்பேச்சிக்கு வந்தது டைபாய்டு இல்லையாம், உண்ணிக் காய்ச்சலாம். புதரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சால் வருமாம். கடிச்ச இடம் சூடு போட்ட மாதிரி கறுத்துப் பொருக்குத் தட்டுமாம். வலிக்காதாம். அக்குள், இடுக்குன்னு மறைவா இருக்கிற இடமாப் பார்த்துக் கடிக்குமாம். அதைக் கண்டுபிடிச்சால் சாதாரண மாத்திரை, நாலு நாளில் எழுந்து உட்கார்ந்துடுவாங்களாம். டைபாய்டு ஊசி அதுக்குக் கேட்காதாம். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் அப்படித்தான் வந்திருக்காம்.

நான் சொன்னேன், "மேடம், உங்க மிஷின் ஒண்ணு சொல்லுது, என் அட்டை ஒண்ணு சொல்லிச்சு. எது சரின்னு இப்போ அவளா வந்து சொல்லப்போறா?"

அந்தம்மா கோபப்படலை. ஊரில் காய்ச்சலாக் கிடந்த அத்தனை பேரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, திரையைக் கட்டி, கையைத் தூக்கச்சொல்லிப் பார்த்தாங்க. இடுப்பைப் பார்த்தாங்க, முழங்கால் பின்பக்கம் பார்த்தாங்க. நாலு பேருக்கு அதே மாதிரி கறுப்பு. ஒருத்தர் எழுபது வயசுத் தாத்தா. ஒருத்தி எட்டாம் வகுப்புப் புள்ளை. நாலு பேரும் மாத்திரையைச் சாப்பிட்டு எழுந்துட்டாங்க, இல்லைன்னு சொல்லலை. அந்தம்மா என் அறை வாசலில் நின்று கேட்டாங்க, "இந்த நாலு பேரையும் யாரும்மா பீடியால சுட்டது?"ன்னு.

நான் என்ன சொல்றேன்னா டீச்சர், நாலு பேரைப் பூச்சி கடிச்சால் அஞ்சாவது ஒருத்தியைப் புருஷன் சுட்டிருக்கவே மாட்டான்னு எங்கேயாவது சட்டம் இருக்கா? நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணும் பண்ணினாங்க. என் மேசையில் ஒரு அட்டை கிடந்தது. அதை எடுத்துப் பார்த்துட்டு, "இதை எப்ப வச்சீங்க?"ன்னாங்க. "காலையில மேடம்"னேன். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாங்க. மணி மூணு. அட்டையைத் திரும்ப அதே இடத்தில் மெல்ல வைத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அதனால்தான் இன்னைக்கு இவ்வளவு பெரிய விசாரணை. உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டர், அந்தப் பொருக்கு கடியா சூடான்னு செத்த உடம்பை வைத்து உறுதியாச் சொல்ல முடியலைன்னு எழுதிட்டாராம். உயிரோட இருக்கும்போது பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆபீஸர் தன்மையானவர். தண்ணி வேணுமான்னு கேட்டார். அப்புறம் கேட்டார், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதை வச்சுத்தான் அவன்மேல கேஸ் போகணுமா வேண்டாமான்னு நான் எழுதணும். அந்தக் குழந்தை அவன்கிட்ட போகணுமா வேண்டாமாங்கறதும் இதுல இருக்கு. நீங்க பார்த்தது என்ன?"

"சூடு"ன்னேன்.

"அவன் பீடி சிகரெட் குடிக்கறதில்லைன்னு ஊர்ல ஒன்பது பேர் சொல்றாங்களே?"

"வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஊருக்கு என்ன சார் தெரியும்?"னேன். என் வீட்டில் நடந்தது இன்னைக்கு வரைக்கும் ஊருக்குத் தெரியாது. அதை அவர்கிட்டே சொல்லலை.

"பூச்சிக்கடியா இருக்க வாய்ப்பே இல்லையா?"

  "பதினாறு வருஷமா ரத்தம் எடுக்கிறேன் சார். என் கண்ணு தப்பாது"ன்னேன்.

டைப் அடிச்சு நீட்டினாங்க. கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தால் சுடலைமணி ரெண்டு கையையும் கூப்பி, "எக்கா, நீங்க இல்லன்னா எந் தங்கச்சிக்கு நாயமே கெடச்சிருக்காது"ன்னு அழுகிறான். அம்மாச்சிக்காரி என் கையைப் பிடிச்சுக் கண்ணில் ஒத்திக்கிட்டாள். அவள் இடுப்பில் அந்தப் புள்ளை. அங்கே தூரத்தில் அப்பன் நிற்கிறதைப் பார்த்துட்டு, "எப்பா, எப்பா"ன்னு கையை நீட்டுது. ரெண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். புள்ளையைத் திருப்பித் தோளில் சாய்ச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

நான் முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். முகத்தைத் துடைச்சு நிமிர்ந்தால் அவன் நிற்கிறான். இசக்கிதுரை. ஒத்தையா.

பயந்துட்டேன். கத்தலாமான்னு பார்த்தேன். அவன் கிட்டே வரலை. ரெண்டு முழம் தள்ளியே நின்றான். இளைச்சு, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். சத்தமே இல்லாமல் பேசினான்.

"எக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். நான் சுட்டேன்னு நெனச்சிய. சரி. நெனச்சதை அன்னைக்கே எம் மொகத்துக்கு நேரா கேட்டிருக்கலாம்லா? பக்கத்துலதான நின்னேன். 'எலேய், பொண்டாட்டியச் சுட்டியால'ன்னு செருப்பால அடிச்சுக் கேட்டிருந்தாக்கூட, 'எங்கக்கா, எந்த எடத்துல'ன்னு நான் பாத்திருப்பேன்லா? அவளும் 'அவுக சுடலக்கா, இது என்னன்னே எனக்குத் தெரியல'ன்னு சொல்லிருப்பாள்லா? அங்ஙனயே டாக்டர்ட்ட காட்டிருப்பமே. நீங்க என்னைய ஒரு வார்த்தை ஏசிருந்தா அவ இருந்திருப்பாக்கா."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிட்டுக் குழாய் சொட்டிக்கிட்டு இருந்ததைத் திருகி மூடிட்டுப் போனான்.

எப்படிப் பேசுறான் பாருங்க. ஆளை மயக்குகிற பேச்சு. இப்படிப் பேசித்தான் அவளையும்...

  கேட்டால் அவள் சொல்லியிருப்பாளாம். யார் சொல்லுவாங்க? நான் சொல்லியிருப்பேனா? அடுப்பில் பட்டதுன்னுதான் சொல்லியிருப்பேன். அவளும் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பாள். என்னன்னே தெரியலைன்னு... அப்படி ஒருத்தி சொன்னால் யாராவது நம்புவாங்களா? நான் நம்பியிருக்கமாட்டேன்.

இன்னும் மாத்திச் சொல்லலாமேன்னு நீங்க சொல்றது சரிதான். வாக்குமூலம் திங்கள்கிழமைதான் மேலே போகுமாம். அதுக்குள்ளே ஏதாவது மாத்தணும்னா வாங்கன்னுதான் ஆபீஸரும் சொல்லி அனுப்பினார். வாசல் வரைக்கும் வந்து சொன்னார். ஆனா எதை மாத்த டீச்சர்? அது சூடு இல்லைன்னு எழுதிக் கொடுத்தால், அப்போ என்னன்னு கேட்பாங்க. கடின்னு சொல்லணும். கடின்னு சொன்னால், அப்போ உன் அட்டையில் எப்படிம்மா ரெண்டு கோடு வந்துச்சுன்னு கேட்பாங்க. அவள் ஒருத்தியோட நிற்குமா? பதினாறு வருஷமா எத்தனை பேருக்கு ரெண்டு கோடுன்னு எழுதியிருக்கேன். எத்தனை பேர் ஊசி போட்டு எழுந்தாங்க, எத்தனை பேர் எழுந்திரிக்கலை, யார் கணக்கு வைத்தா? எழுந்திரிக்காதவங்களை வயசாச்சு, உடம்பில் தெம்பில்லைன்னு சொல்லித்தான் அடக்கம் பண்ணினோம். அவங்களை எல்லாம் எழுப்பிக் கேட்க முடியுமா?

சூடுதான் அது. நான் பார்த்தேன்.

அந்தா தெரியுதே, அதுதான் எங்க ஊர் எலுமிச்சைத் தோட்டம். அடுத்த நிறுத்தம் என்னுடையது. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க, பையை எடுத்துக்கிறேன். சாயங்காலத்துக்கு ஆறு பேர் காய்ச்சல்னு சொல்லி வைத்திருக்காங்க. இவ்வளவு நடந்தும் ஊர் என்கிட்டேதான் வருது, பார்த்துக்கங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் மாத்திக்கிட்டேன் டீச்சர். இப்பெல்லாம் ஊசி குத்தும்போது முழங்கை மடிப்பைத் தவிர வேறே எங்கேயும் பார்க்கிறதில்லை. கையைத் தூக்கிக் கண்ணை மூடப்போனாங்கன்னா, நானே பிடிச்சு இறக்கி, துணியை நல்லா இழுத்து விட்டுட்டுத்தான் குத்துறேன்.